வெண்ணெயில் நீந்திய கொடுவா

“அப்பா, இன்னைக்கும் நேத்து மீன்தானா?”

அப்பா மரப்பெட்டிக்குள் கையை விட்டு, மேலே கிடந்த கொடுவா மீனை எடுத்தார். அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தார். புது மீனின் செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். இது பழைய செங்கல் நிறத்தில் இருந்தது.

“நேத்து மீன் இல்லம்மா. முந்தாநாள் மீன்.”

சாயோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். விடியற்காலையில் பதினான்கு படகுகள் மீனோடு வந்து நிற்பது இங்கிருந்தே தெரியும். இப்படிப்பட்ட ஊரில் அவர்களுக்கு மட்டும் முந்தாநாள் மீன்!

ஜப்பானின் கமோசே துறைமுகத்தில் அப்பா உணவகம் திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் அது சைக்கிள் கடை. அம்மா இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும், மழை பெய்தால் சுவரில் டியூப் வாசனை வரும். மொத்தம் நான்கு மேசைகள். அப்பா சமைப்பது பிரெஞ்சுச் சமையல்.

ஊரில் யாருக்கும் அது பிடிபடவில்லை.

“உங்க வீட்டுல நத்தையெல்லாம் திம்பீங்களாமே?” என்று ஐந்தாம் வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டாள் கியோமி. அவள் அப்பாவுக்குச் சொந்தப் படகு உண்டு. அதனால் அவளுக்குக் குரல் கொஞ்சம் பெரியது.

“போன வாரம் திருவிழாவுல நீ சுட்ட சங்கை ஊசியால குத்திக் குத்தித் தின்னியே, அது என்ன கோழியா?” என்றாள் சாயோ.

வகுப்பே சிரித்தது. கியோமியும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடக்கிறார்கள்.

கியோமியைச் சரிக்கட்டிவிடலாம். தொகுசோ மாமாவை எப்படிச் சரிக்கட்டுவது?

அந்தத் துறைமுகத்தில் எந்தப் படகு எந்த மீனைப் பிடித்தாலும் அது தொகுசோ மாமாவின் கடைக்குத்தான் வரும். அங்கிருந்துதான் மற்ற கடைகளுக்குப் போகும். படகிலிருந்து நேராக எந்தக் கடைக்கும் விற்கக் கூடாது என்பது மீனவர் சங்கத்தின் சட்டம். தொகுசோ மாமாவுக்கு அகலமான தோள், கனத்த குரல், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவருடைய நாக்கைப் பற்றி ஊரே பேசும். சுட்ட மீனில் ஒரு துண்டை வாயில் போட்டால், அது எந்தப் பக்கத்துக் கடலில் பிடித்தது, எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவாராம்.

மறுநாள் விடியற்காலையில் சாயோவும் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போனாள்.

“வாங்க வாங்க, பிரெஞ்சுத் துரை!” என்று கத்தினார் தொகுசோ மாமா. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

“தொகுசோ அண்ணே, இன்னைக்கு வந்த கொடுவால ரெண்டு குடுங்க,” என்றார் அப்பா.

“இன்னைக்கு வந்ததா? எதுக்கு? வெண்ணெயில குளிப்பாட்டி, மேல போர்வை போத்தவா?”

“மீனைக் கெடுக்க மாட்டேண்ணே.”

“டேய் இசாமு, நீ இந்தத் துறைமுகத்துல பொறந்தவன். மீனுக்கு உப்பும் நெருப்பும் போதும். அந்த வெண்ணெய் சாஸெல்லாம் எதுக்கு? மீன் ருசியை மறைக்கத்தானே? மறைக்கப் போற மீனுக்கு முந்தாநாள் மீன் போதும். நல்ல மீன் அப்படிச் சாகுறதை நான் பார்க்க மாட்டேன்.”

அவர் ஓரத்தில் கிடந்த பெட்டியைக் காலால் தள்ளினார். அப்பா குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

அன்று பள்ளி விட்டு வந்தபோது மேசை மேல் ஒரு கடிதம் இருந்தது. டோக்கியோவில் அப்பா முன்பு வேலை செய்த பெரிய ஹோட்டலிலிருந்து வந்திருந்தது. திரும்பி வந்தால் தலைமைச் சமையல்காரர் வேலை தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

“அங்க போனா மறுபடியும் பழைய கதைதான்,” என்றார் அம்மா. “நீங்க அங்க, நாங்க இங்க. புதுவருஷத்துக்கு மட்டும் வந்து எட்டிப் பார்ப்பீங்க.”

“நல்ல மீன் இல்லாம இங்க என்ன சமைக்கிறது ஃபுமி? வந்தவங்ககிட்ட இதுதான் என் சமையல்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்.”

கதவுக்குப் பின்னால் நின்ற சாயோ எல்லாவற்றையும் கேட்டாள். மாசக் கடைசிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

அப்பா பிரெஞ்சுச் சமையல் கற்ற கதை அவளுக்கு மனப்பாடம். பத்தொன்பது வயதில் சரக்குக் கப்பலில் உருளைக்கிழங்கு தோல் சீவும் வேலைக்கு ஏறினார். மார்சேய் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தைகள் இரண்டே இரண்டு. ‘நன்றி’, ‘வெங்காயம்’. லியோன் நகரத்தில் ஒரு சமையலறையில் சேர்ந்தார். முதல் வருடம் முழுக்கப் பாத்திரம் கழுவினார். சாஸ்களின் பெயர் வாயில் நுழையாததால், அவரே ஒரு நோட்டில் ஜப்பானிய மொழியில் பெயர் வைத்துக்கொண்டார். ஒன்றுக்கு ‘மழைக்கு முந்தின மாலை’ என்று பெயர். இன்னொன்றுக்கு ‘அத்தையின் கோபம்’. அதில் மிளகு அதிகம்.

அவர் செய்த வெண்ணெய் சாஸைப் பெரிய சமையல்காரர் பதினாறு முறை தொட்டியில் கொட்டினார். பதினேழாவது முறை ஒன்றும் சொல்லாமல் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பினார். ஒன்பது வருடம் கழித்து அப்பா ஜப்பானுக்குத் திரும்பியபோது, அந்தச் சமையலறையின் சாஸ் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

பதினாறு முறை கொட்டியும் அப்பா ஓடிப்போகவில்லை. ‘நான் மட்டும் ஏன் சும்மா இருக்கணும்?’ என்று நினைத்தாள் சாயோ.

மறுநாள் காலை, புத்தகப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் தனியாகத் துறைமுகத்துக்குப் போனாள்.

“மாமா, உங்களுக்கு எந்த மீனைக் குடுத்தாலும் கண்டுபிடிச்சிடுவீங்களாமே, நிஜமா?”

“ஊர்ல எவனை வேணா கேளு.”

“சுட்ட மீனா இருந்தா சரி. வெண்ணெய் சாஸ் ஊத்தின மீனை உங்களால கண்டுபிடிக்க முடியாது.”

தராசில் மீனை வைத்துக்கொண்டிருந்த தொகுசோ மாமா நிமிர்ந்தார். “என்ன சொன்னே?”

“முடியாதுன்னு சொன்னேன்.”

சுற்றியிருந்த படகுக்காரர்கள் “ஓ...!” என்று நீட்டினார்கள். ஒருவர் ஐஸ் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்.

“மூணு கொடுவா. மூணு வேற வேற நாள், வேற வேற இடத்துல பிடிச்சது,” என்றாள் சாயோ. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். “மூணுக்கும் அப்பா ஒரே சாஸ் ஊத்துவார். எது எந்த மீன்னு நீங்க சொல்லணும். ஒண்ணு தப்பினாலும், எங்களுக்குத் தினமும் அன்னன்னைக்கு வந்த மீன் குடுக்கணும்.”

“நான் மூணையும் சரியா சொல்லிட்டா?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

“நானே சொல்றேன்,” என்றார் தொகுசோ மாமா. “நீயும் சரி, உங்கப்பனும் சரி, அதுக்கப்புறம் என் கடை வாசல்ல கால் வைக்கக் கூடாது. முந்தாநாள் மீனும் கிடையாது. என்ன, சம்மதமா?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“சம்மதம். சனிக்கிழமை மத்தியானம். எங்க கடையில.”

சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தவள், பள்ளி வாசலில்தான் நின்றாள்.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே, தெரியுமா உனக்கு? அந்த மனுஷனோட நாக்கைப் பத்தித் தெரியாம...”

சாயோ தலையைக் குனிந்துகொண்டாள்.

“மூணு மீனா?” என்றார் அப்பா.

“மூணு.”

“மூணுக்கும் ஒரே சாஸா?”

“ஒரே சாஸ்.”

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சின்ன வெங்காயக் கூடையை இழுத்து முன்னால் வைத்தார். உரிக்க ஆரம்பித்தார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை,” என்றார் அம்மா. ஆனால் அவரும் ஒரு கத்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை வரை மூன்று நாளும் அப்பா அந்த சாஸையே செய்தார். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வினிகரில் சுண்டவிட்டு, அடுப்பின் தீயைக் குறைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடிப்பார். தீ கொஞ்சம் கூடினாலும் வெண்ணெய் திரிந்து எண்ணெயாகிவிடும். கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார். பிறகு மொத்தத்தையும் கொட்டுவார்.

“நல்லாத்தானேப்பா இருந்துது!” என்றாள் சாயோ.

“சாஸ் மட்டும்தான் பேசுது. மீன் பேசவே இல்ல.”

“மீன் பேசக் கூடாதுப்பா! அது வாயை மூடிக்கிட்டு இருந்தாதானே நாம ஜெயிப்போம்?”

அப்பா சிரித்தார். “அப்படி சமைக்க எனக்கு யாரும் சொல்லித் தரலையே.”

மீன் சேர்க்கும் வேலை சாயோவுடையது. ஒன்று, சனிக்கிழமை காலை தொகுசோ மாமா கொடுத்த பெட்டியிலேயே இருந்தது. இரண்டாவதை அம்மா அரை நாளைச் செலவழித்து, பேருந்து ஏறிப் பக்கத்து ஊர்ச் சந்தையில், எங்கே பிடித்தது என்று கேட்டு வாங்கி வந்தார். மூன்றாவதுக்குக் கியோமியிடம் போனாள்.

“எங்கப்பா உங்க கடைக்கு விக்க முடியாது,” என்றாள் கியோமி. “ஆனா நான் உனக்கு ஒரு மீன் சும்மா குடுத்தா அதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஒரே ஒரு கண்டிஷன்.”

“என்ன?”

“நானும் வந்து பார்ப்பேன்.”

“நீதான் நடுவர்,” என்றாள் சாயோ. கியோமி இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்ததுபோல் நிமிர்ந்தாள்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். மத்தியானம் ஒரு மணிக்குத் தொகுசோ மாமா வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு நல்ல செருப்பு போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது படகுக்காரர்கள். இடம் இல்லாமல் இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

அப்பா அவரை வரவேற்க வெளியே போனார். சமையலறையில் சாயோ மட்டும் இருந்தாள்.

அடுப்போரம் சாஸ் பாத்திரம் இருந்தது. இளம் மஞ்சள் நிறத்தில் பளபளத்தது. அலமாரியில் கடுகு விழுது ஜாடி இருந்தது. ஒரு கரண்டி போட்டால் போதும். காரம் ஏறிவிடும். தொகுசோ மாமாவால் என்ன, அந்த மீனைப் பெற்ற தாயால்கூட அதை அடையாளம் காண முடியாது.

சாயோ ஜாடியைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

அப்பா டோக்கியோ போக வேண்டாம். ஒரே ஒரு கரண்டி.

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். மூன்று நாள் கொட்டிக் கொட்டிச் செய்த சாஸ். இதில் கடுகைப் போட்டால் மீனின் ருசி மறைந்துவிடும். மறைந்துவிட்டால், தொகுசோ மாமா அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் கேலி செய்து சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அப்பா சமைத்ததை அவளே பொய்யாக்கிவிடுவாள்.

சாயோ மூடியை இறுக்கித் திருகி, ஜாடியை அலமாரியின் மேல் தட்டில், தனக்கே எளிதில் எட்டாத இடத்தில், எம்பி வைத்தாள்.

அப்பா உள்ளே வந்து மீன்களை வேகவைத்தார். ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் கியோமி ஒரு சின்னச் சீட்டை ஒட்டினாள். எது எந்த மீன் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று தட்டும் மேசைக்குப் போயின. பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. சாஸ் மினுங்கியது.

“கண்ணாடி மாதிரி முகம் தெரியுதே,” என்று முணுமுணுத்தார் தொகுசோ மாமா. சாப்பிடும் குச்சிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முள்கரண்டியை அவர் தொடவே இல்லை.

முதல் தட்டிலிருந்து ஒரு துண்டு. கண்களை மூடிக்கொண்டார். இன்னொரு துண்டு எடுத்தார். அடுத்த தட்டுக்குப் போனார். பிறகு மூன்றாவது. திரும்பவும் முதல் தட்டுக்கு வந்தார்.

“ரெண்டாவது தட்டு,” என்றார். “இன்னைக்கு விடிகாலையில பிடிச்சது. தூண்டில் மீன். வடக்குப் பாறைப் பக்கம். பாசி வாசம் லேசா வருது.”

கியோமி தட்டைத் தூக்கிச் சீட்டைப் படித்தாள். அவள் முகம் வாடியது. “சரி,” என்றாள்.

“மூணாவது நேத்து மீன். வலையில விழுந்தது. ஆத்து முகத்துல. சேறு இருக்கு.”

“சரி.”

சாயோ அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கண்களோ மின்னின! அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் தட்டு...” தொகுசோ மாமா நிறுத்தினார். குச்சிகளைக் கீழே வைத்தார். அவருடைய கனத்த குரல் இறங்கிவிட்டது. “முந்தாநாள் மீன். என் கடை மீன்.”

“சரி,” என்றாள் கியோமி, அழாத குறையாக.

“மூணும் சரி! தொகுசோ அண்ணன் ஜெயிச்சிட்டார்!” என்று ஜன்னலுக்கு வெளியே நின்றவர் கத்தினார். யாரும் கை தட்டவில்லை.

சாயோவின் கண் நிறைந்தது. எல்லாம் முடிந்தது. இனி முந்தாநாள் மீன்கூடக் கிடையாது. அப்பா பெட்டி கட்ட வேண்டியதுதான். வெண்ணெய்க்குள் இருந்த பாசியைக்கூட விடாமல் கண்டுபிடித்துவிட்டாரே...

அவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள்.

“மாமா,” என்றாள். “பாசி வாசம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“சேறு?”

“தெரிஞ்சுது. அதான் சொன்னேனே.”

“வெண்ணெய் சாஸ் மீனை மறைச்சிடும்னு சொன்னீங்க. அது எதையுமே மறைக்கலையே மாமா?”

தொகுசோ மாமா மூன்று தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் சிரித்தது ஐஸ் கோடாலிக்காரர்தான். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்து, கடைசியில் கடையே அதிர்ந்தது. தொகுசோ மாமா சிரிக்கவில்லை. இரண்டாவது தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, மிச்ச மீனை நிதானமாக, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். தட்டில் தேங்கியிருந்த சாஸை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார். அப்பா ஒரு துண்டு ரொட்டியை நீட்டினார். அதால் துடைத்துச் சாப்பிட்டார்.

“சுட்ட மீன்ல அந்தப் பாசி வாசம் இவ்வளவு தெளிவா வராது,” என்றார் மெதுவாக. பிறகு முதல் தட்டைப் பார்த்தார். “என் கடை மீனை இவ்வளவு கேவலமான ருசியில நான் சாப்பிட்டதே இல்ல. அது உன் தப்பு இல்லடா இசாமு.”

“அண்ணே...”

“பேசாதே. பந்தயம் பந்தயம்தான். ஜெயிச்சது நான்.” அவர் எழுந்தார். குரல் பழையபடி கனத்தது. “நீங்க யாரும் இனிமே என் கடை வாசல்ல கால் வைக்கக் கூடாது!”

சாயோவின் முகம் விழுந்தது.

“அதனால,” என்றார் தொகுசோ மாமா, செருப்பை மாட்டிக்கொண்டே, “தினமும் காலையில நானேதான் மீனைத் தூக்கிட்டு இங்க வரணும். எல்லாம் என் தலையெழுத்து.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குக் கதவு இடிபட்டது.

“கதவைத் திறங்கய்யா! உள்ள துள்ளுற துள்ளுல பெட்டியே உடைஞ்சிடும்போல இருக்கு!”

சாயோதான் ஓடிப்போய்த் திறந்தாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொடுவா வாலை அடித்ததில் அவள் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். அப்பா செவுளைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. தேவையும் இல்லை.

அன்று அப்பா டோக்கியோவுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். ‘தங்கள் அன்புக்கு நன்றி. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.’ சாயோ அதை எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்கு ஓடினாள். போட்ட பிறகும், உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு. வாசலில் பூட்ஸும் செருப்புமாகக் குவிந்து கிடந்தன. வழக்கமாக அவள் உட்காரும் ஜன்னலோர மேசையில் தொகுசோ மாமா கழுத்தில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த மேசையில் கியோமியின் அப்பா, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று ஐஸ் கோடாலிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு மேசைகளிலும் ஆட்கள். நிற்பவர்கள் வேறு.

வீட்டுப்பாட நோட்டோடு கடை முழுக்கச் சுற்றினாள் சாயோ. அன்று அவளுக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை.